இரண்டு நாள் என்று சொன்னேன்

17 பிப்ரவரி 2025, திங்கள்

அக்கா மகள் மெஹ்ரினுக்கு இன்று ஒன்றாம் வகுப்பு. லாத்தாவும் மச்சானும் கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்ன, கேட்கவே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. மேனேஜர் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மாலை ரயிலில் கிளாங் வந்து இறங்கி, வழக்கம்போல லாத்தாவின் துணிக்கடைக்குப் போனேன். பின்னறையில், சாரோங் கட்டுகளுக்கு நடுவே, மெஹ்ரின் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். தினமும் நான்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிப் போவது. கடையடைத்து லாத்தாவும் மச்சானும் வர ஒன்பதரை ஆகும். ரவாங்கில் உம்மாவையும் வாப்பாவையும் விட்டு நான் அக்கா வீட்டில் தங்கியிருப்பதே இந்த ஏற்பாட்டில்தான்.

"ஸ்கூல் எப்படி?"

"ஓகே லா சாச்சி. டாய்லெட்டுக்குத்தான் தாப்பா இல்ல. பையனுங்க வந்து தள்ளுறாங்க."

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருக்கிறாள். நானும் ஒன்றாம் வகுப்பில் அப்படித்தான் இருந்தேன். பழகிவிடும்.

21 பிப்ரவரி, வெள்ளி

சோபாவுக்குப் பின்னால் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிவிரலில் நின்றாள். முகமெல்லாம் சிவப்பு. நடனக்காரி மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன். "ஆய் வருதா? போயேன்" என்றால், "வரல, போயிடுச்சு" என்கிறாள். எங்கே போகும்?

27 பிப்ரவரி, வியாழன்

துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு ஜட்டி, சுருட்டிச் செருகியிருந்தது. கறை. தண்ணியாக. கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது சாச்சி, தானா வந்துடுச்சு" என்றாள். தானாக எப்படி வரும், ஏழு வயதுப் பிள்ளைக்கு?

லாத்தாவிடம் சொன்னேன். "வயித்துப்போக்கா இருக்கும். ஸ்கூல் கேன்டீன்ல கண்டதையும் தின்னுருப்பா." அலசிப் போட்டேன்.

2 மார்ச், ஞாயிறு

முதல் நோன்பு. மெஹ்ரின் விடியுமுன் தானாகவே எழுந்து சஹர் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அரை நோன்பு பிடித்தால் போதும் என்றார் மச்சான். இல்லை, முழு நோன்பு என்று பிடிவாதம். பிடித்தும்விட்டாள். நோன்பு திறக்கையில் மச்சான் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். லாத்தா போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டாள். முப்பதும் பிடித்தால் பெருநாளுக்கு அவள் கேட்ட அந்த வெள்ளி ஜரிகைப் பாவாடை.

இன்றும் கறை. இரண்டு தடவை.

7 மார்ச், வெள்ளி

ஆறாவது நோன்பு. ஆறு முழு நோன்பு. தினமும் கறை.

12 மார்ச், புதன்

குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உஸ்தாசா, அடுத்த வரிசையில் இருப்பவர், இன்று மெஹ்ரினைப் பாதியில் திருப்பி அனுப்பிவிட்டார். முசல்லா விரிப்பில் கறையாம். குரலை உயர்த்தவில்லையாம். "நஜீஸோட ஓத உட்காரக் கூடாதுமா, சுத்தமானதும் வா" என்று சொன்னாராம். மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்களாம்.

லாத்தா கடையை மச்சானிடம் விட்டு வந்தாள். பெருநாள் வியாபாரம் கழுத்தைப் பிடிக்கிற நேரம். வந்த வேகத்தில் ஹேங்கரை எடுத்தாள்.

"ஏழு கழுதை வயசாச்சு! வந்தா சொல்ல வாய் இல்ல? ஊர் முழுக்க நோன்பாளின்னு சொல்லி வெச்சிருக்கேன், இங்க வந்து நாறிக்கிட்டு நிக்கிற!"

நான் நடுவில் போகவில்லை. அடுக்களையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு அடி. அழுகையைவிட, அவள் சொன்னதுதான் காதிலேயே நிற்கிறது. "எனக்குத் தெரியவே இல்லம்மா. சத்தியமா தெரியல."

அப்புறம் லாத்தா என்னிடம், அவளும் அழுதுகொண்டு: "நீதான் படிச்சவ. என்னன்னு பாரு உஸ்மா. டாக்டர்கிட்ட நீயே கூட்டிட்டுப் போ. எனக்கு அங்க பேசத் தெரியாது."

படிச்சவ. புள்ளியியல் படித்தேன். அந்த வீட்டில் அதற்கு எல்லாம் தெரிந்தவள் என்று அர்த்தம். வாடகைப் பத்திரம், கடை லைசென்ஸ், வாப்பாவின் ரத்தப் பரிசோதனை – எல்லாக் காகிதமும் என்னிடம்தான் வரும்.

19 மார்ச், புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

லீவு கேட்க ஒரு வாரம் ஆனது எனக்கு. கிளினிக்கில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். மெஹ்ரினுக்கு இரண்டு ஜட்டி போட்டு, நடுவில் துணி மடித்து வைத்திருந்தேன். ஆனாலும் வாடை வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போய் நின்றுகொண்டார்.

டாக்டர் இளைஞர். மேசைமேல் என் பல்கலைக்கழகத்தின் சின்னம் போட்ட கோப்பை. என் பார்வையைக் கவனித்துவிட்டு, மலாயில், நீங்களும் அங்கேயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எந்த விடுதி, எந்த ஆண்டு என்று பேசினார். என்னை யாரோ ஒருவர் தனக்குச் சமமாக வைத்துப் பேசுகிறார் – அங்கே படித்த நாலு வருடத்திலும் இது நடந்ததில்லை. ரொட்டி சானாய் போடுகிறவரின் மகள் என்று யாருக்கும் தெரியக் கூடாதென்று வாய் மூடியே இருந்துவிட்டு வந்தவள் நான்.

அப்புறம் கேட்டார். வயிற்றுப்போக்கு எத்தனை நாளாக?

மூன்று வாரம். வாயில் வந்துவிட்டது. ஆனால் மூன்று வாரம் ஒரு பிள்ளையை இப்படியே வைத்திருக்கும் வீடு எப்படிப்பட்ட வீடு? அதில் ஒரு பட்டதாரியும் இருக்கிறாளாம், என்ன செய்துகொண்டிருந்தாள்? அவர் கண்ணில் அது வரும். வருவதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"தூவா ஹாரி" என்றேன். இரண்டு நாள்.

ஜட்டியில் தெரியாமல் வருகிறது என்பதையும் சொல்லவில்லை. ஆய் என்ற வார்த்தையை அந்தக் கோப்பைக்கு முன்னால் எந்த மொழியிலும் சொல்ல வரவில்லை எனக்கு.

இரண்டு நாள் என்றால் கிருமியாக இருக்கும், தானாக நின்றுவிடும் என்றார். உப்புச் சர்க்கரைப் பொடி கொடுத்தார். நோன்பு வேண்டாம், நிறையத் தண்ணீர். மூன்று நாளில் நிற்கவில்லை என்றால் கட்டாயம் திரும்ப வாங்க, அப்போது நன்றாகப் பார்க்க வேண்டும் என்றார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்னதற்கு மருந்து கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் மெஹ்ரின் என் கையை இழுத்தாள். "ரெண்டு நாளா சாச்சி? நெறைய நாள்ல?"

"டாக்டர்கிட்ட அப்படித்தான் சொல்லணும்" என்றேன்.

தலையாட்டினாள். நல்ல பிள்ளை. சொன்னதைக் கேட்டுக்கொள்வாள்.

20 மார்ச், வியாழன்

லாத்தாவிடம், ஒன்றுமில்லை, சாதாரண வயிற்றுப்போக்குதான் என்றேன். நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மெஹ்ரின் தரையில் புரண்டு அழுதாள். "பதினெட்டு பிடிச்சிட்டா, பாவம்லா" என்றார் மச்சான். விட்டுவிட்டோம்.

அலுவலகத்தில் ஓர் அட்டவணை போட்டு அச்செடுத்து வந்து குளிர்பெட்டியில் ஒட்டினேன். வயிற்றைக் கட்டும் உணவு ஒரு பக்கம்: வெள்ளைச் சோறு, பிஸ்கட், பால் விடாத தேநீர், கொய்யா, காலையும் மாலையும் கரி மாத்திரை. கூடாதது மறு பக்கம்: கீரை, பப்பாளி, பருப்பு, பழச்சாறு. கட்டத்துக்குள் கட்டம், நிறம் வேறு. லாத்தா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் படிப்பு வேணுங்கிறது" என்றாள்.

23 மார்ச், ஞாயிறு

மூன்று நாள் நேற்றோடு முடிந்தது. நிற்கவில்லை. திரும்பப் போனால் ஆறு நாள் என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் கேட்டால்? மெஹ்ரின் வாய் தவறிச் சொல்லிவிட்டால்?

இன்று மதியம் அவள் என் பக்கத்தில் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. "பசிக்கலையாடா?" என்று கேட்டேன்.

"பசிக்குது. ஆனா சாப்பிட்டாத்தானே சாச்சி வரும்? தண்ணி குடிச்சாத்தானே ஒண்ணுக்கு வரும்? நோன்புன்னா ஸ்கூல்ல போகவே வேணாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நல்ல பிள்ளைன்னு சொல்லுவாங்க."

இருபத்திரண்டு நோன்பு.

இதை லாத்தாவிடம் சொல்ல வேண்டும். எப்போது? இரவு பன்னிரண்டு மணிக்குக் காலை இழுத்துக்கொண்டு வருகிறாள். எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெருநாள் முடியட்டும். இன்னும் ஒரு வாரம்தானே.

27 மார்ச், வியாழன்

ஒண்ணுக்குப் போனால் எரிகிறதாம். சொட்டுச் சொட்டாகப் போகிறாள். நோன்புச் சூடு என்றார் மச்சான். நோன்பு திறந்ததும் இளநீர் கொடுத்தோம்.

29 மார்ச், சனி

காய்ச்சல். நோன்பை நிறுத்தியாயிற்று. அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. வயிறு மத்தளம் மாதிரி. இடுப்புக்கு மேல், முதுகில், தொட்டால் கத்துகிறாள். காய்ச்சல் மருந்து கொடுத்தால் இறங்குகிறது, ஏறுகிறது. கடைக்குப் போன் செய்தேன், மச்சான் எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல். "காலையில பாப்போம் உஸ்மா, இப்ப கடையில நிக்க இடமில்ல." சரி என்றேன்.

ஏன் சரி என்றேன்? ஒரு டாக்சி கூப்பிடத் தெரியாதா எனக்கு?

31 மார்ச், திங்கள். பெருநாள்

நேற்று காய்ச்சல் குறைந்த மாதிரி இருந்தது. இன்று தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. நாற்பதுக்கு மேல். மச்சான் புது ஜிப்பாவோடு காரை எடுத்தார். வெள்ளி ஜரிகைப் பாவாடை வீட்டுக் கொடியில் தொங்குகிறது.

அவசரப் பிரிவில் தமிழ் டாக்டர், கௌசல்யா என்று பெயர் குத்தியிருந்தது. லாத்தாவும் மச்சானும் பதிவு செய்யும் இடத்தில் நின்றிருந்தார்கள். கட்டிலருகே நான் மட்டும். டாக்டர் குனிந்து மெஹ்ரினிடமே கேட்டார்.

"கண்ணம்மா, ஜட்டியில இப்படித் தண்ணியா வர்றது எத்தனை நாளா?"

மெஹ்ரின் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தக் காய்ச்சலிலும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"ரெண்டு நாள்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் வாயத் தொறக்கல. தொறக்கவே இல்ல. ஏழு வயசுப் புள்ள எனக்காகப் பொய் சொல்லுது, நான் நிக்கிறேன் மரம் மாதிரி.

1 ஏப்ரல், செவ்வாய்

எக்ஸ்ரே எடுத்து எங்கள் மூவருக்கும் காட்டினார்கள். வயிறு முழுக்கத் திட்டுத் திட்டாக.

"இதெல்லாம் மலம்" என்றார் டாக்டர் கௌசல்யா. "இது வயித்துப்போக்கே இல்ல. மலச்சிக்கல்."

மச்சான் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். "டாக்டர், தினம் நாலு தடவ தண்ணியாப் போகுது. மலச்சிக்கலா?"

"பிள்ளை அடக்கி அடக்கி, உள்ள கல்லு மாதிரி அடைச்சு நிக்குது. மேல இருந்து வர்ற தண்ணி மலம் அதைச் சுத்தி ஒழுகி வெளிய வருது. குடல் விரிஞ்சு போனதால வர்றது அவளுக்கே தெரியாது. சோம்பேறித்தனம் இல்ல, திமிரும் இல்ல. அடக்க முடியாத விஷயத்துக்கு அடிச்சு என்ன பிரயோசனம்?"

அடித்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. தொடையில் ஹேங்கர் தடத்தைப் பார்த்திருப்பார். லாத்தா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அந்த அடைப்பு மூத்திரப் பையை நெருக்கியிருக்கிறது. மூத்திரம் முழுதாகப் போகாமல் தேங்கி, தண்ணீரும் குடிக்காததால் கிருமி பெருகி, சிறுநீரகம்வரை ஏறிவிட்டது. முதல் எரிச்சலிலேயே வந்திருக்கலாம் என்றார். ஜட்டிக் கறையிலேயே வந்திருக்கலாம். காலைப் பின்னிக்கொண்டு நின்றாளா என்று கேட்டார். அது போக முயற்சி செய்வதில்லையாம், போகாமல் இருக்க முயற்சி செய்வதாம்.

நடனக்காரி என்று எழுதியிருக்கிறேன் நான்.

"வீட்ல என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார். லாத்தா என் அட்டவணையை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

4 ஏப்ரல், வெள்ளி

மூக்கு வழியாகக் குழாய். அதில் மருந்து நீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பின்பக்கமும் மருந்து. இரண்டு நர்சுகள் பிடித்துக்கொள்ள, லாத்தா தலைமாட்டில். "நான் அடக்க மாட்டேம்மா, இனிமே அடக்க மாட்டேன், எடுக்கச் சொல்லும்மா."

நான் தாழ்வாரத்தில் நின்று கேட்டேன். காதைப் பொத்திக்கொள்ளக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

9 ஏப்ரல், புதன்

வீட்டுக்கு அனுப்பினார்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஒரு பொடி, மாதக்கணக்கில். சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் உட்கார வேண்டும், காலடியில் முக்காலி வைத்து, முழங்கால் இடுப்புக்கு மேலே இருக்கும்படி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒண்ணுக்கு, வந்தாலும் வராவிட்டாலும். திட்டக் கூடாது. சிறுநீரகத்தில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பது ஆறு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில்தான் தெரியும்.

மாலை மச்சான் என் லேப்டாப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"அந்தக் கிளினிக் டாக்டர் மேல கம்ப்ளெய்ன் எழுதணும் உஸ்மா. நீதான் எழுதணும். நல்ல மலாயில, காரமா. மூணு வாரமாப் போகுதுன்னு சொல்லியும் உப்புப் பொடி கொடுத்து அனுப்பிச்சிருக்கான். அவன் லைசென்ஸே போகணும்லா."

அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். 'மூன்று வாரமாக என்று தெரிவித்தும் மருத்துவர் அலட்சியமாக' – இந்த வரியை என் விரல்தான் தட்டியது. என் மலாய் நன்றாகவே இருந்தது. மச்சான் படித்துவிட்டு, "பாஸ், சூப்பர்" என்றார்.

மெஹ்ரின் சோபாவில் படுத்திருந்தாள். அவர் குளிக்கப் போனதும் கேட்டாள்.

"சாச்சி, அந்த டாக்டர் அங்கிளை அடிப்பாங்களா?"

12 ஏப்ரல், சனி

சொல்லிவிட்டேன்.

கடைப் பின்னறையில். பெருநாளுக்கு விற்காமல் போனதை லாத்தா மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். கோப்பை, தூவா ஹாரி, பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரியில் மெஹ்ரின் சொன்னது, சாப்பிட்டால்தானே வரும் என்று அவள் சொன்னதை நான் மூடி வைத்தது. எல்லாவற்றையும்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஏன்?"

"வெட்கமா இருந்துச்சு லாத்தா."

"யாரப் பாத்து வெட்கம்? அவன் யாரு உனக்கு? உன்னப் பொண்ணு பாக்க வந்தவனா?"

நான் ஒரு சாரோங்கை மடிக்க எடுத்தேன், அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"எனக்கு வாய் இல்லன்னுதான்டி உன்ன அனுப்பினேன். நான் போயிருந்தா மானங்கெட்டுப் போயாவது சொல்லியிருப்பேன். மூணு வாரம், நாறுது, என்னன்னு பாருன்னு கத்தியிருப்பேன். படிக்காதவ கத்துவா." ஒரு சாரோங்கை மடித்து வைத்தாள். "நான் அடிச்சேன். அது என் பாவம், நான் சுமந்துக்குறேன். நீ அந்தப் புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் கொடுத்திருக்க."

இரவு மச்சானிடம் அவளே சொன்னாள். மச்சான் அந்தக் கடிதத்தை என் முன்னால் கிழிக்கக்கூட இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

20 ஏப்ரல், ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸில் அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஓர் அறை. ஜன்னலில் ரயில் பாதை தெரிகிறது. யாரும் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. லாத்தா சாயங்காலங்களில் இனிக் கடையில் நிற்பதில்லையாம். மெஹ்ரினைப் பள்ளியிலிருந்து அவளே கூட்டி வருகிறாள்.

கிளம்பும்போது பார்த்தேன். குளிர்பெட்டியில் அட்டவணையைப் பிய்த்திருந்தார்கள். நாலு மூலையில் டேப் மட்டும்.

15 ஜூன், ஞாயிறு

மச்சான் போன் செய்தார், கடைக் காகிதம் ஒன்றைக் கேட்க. நானாக மெஹ்ரினைப் பற்றிக் கேட்டேன். நன்றாகிவிட்டது என்று பொடியை நிறுத்திப் பார்த்தார்களாம். மருந்துக்குக் குடல் பழகிவிடும் என்று கடைக்கு வந்த யாரோ சொன்னாராம். இரண்டே வாரத்தில் மறுபடியும் அடைப்பு, மறுபடியும் கறை. விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்கு ஆகும், தானாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டித்தாராம். "இப்ப அலாரம் வெச்சுக் கொடுக்குறோம்" என்றார்.

"லாத்தா?"

"இருக்கா" என்றார்.

24 செப்டம்பர், புதன்

ஸ்கேன் முடிவு. மச்சான் படம் எடுத்து அனுப்பினார். கீழே ஒரு வரி: 'இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லு.' லாத்தாவுக்குத் தெரியாமல் அனுப்பியிருப்பார்.

வலது சிறுநீரகத்தில் தழும்பு. இரண்டும் சேர்ந்து செய்யும் வேலையில் வலது செய்வது முப்பத்தொரு சதவீதம். இடது அறுபத்தொன்பது. சதவீதம் எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம். இது திரும்ப ஏறாது. ரத்த அழுத்தத்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் ஒருநாள் பிள்ளை பெறும்போதும்.

இந்தத் தழும்பு அந்த மார்ச் மாதத்தில்தான் விழுந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். முன்பே இருந்திருக்கலாம் என்று அறிக்கையிலேயே இருக்கிறது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எழுத மாட்டேன்.

12 ஜனவரி 2026, திங்கள்

மெஹ்ரினுக்கு இரண்டாம் வகுப்பு. பள்ளிக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் போட வைக்க லாத்தா போன வருடம் மூன்று தடவை தலைமையாசிரியர் அறைக்குப் போனாளாம். மூன்றாவது தடவை தாழ்ப்பாளையே வாங்கிக்கொண்டு, போடும் ஆளோடு போனாளாம். மச்சான் சொல்லிச் சிரித்தார்.

எனக்கு வாய் இல்லை என்றாளே.

28 பிப்ரவரி, சனி

லாத்தாவிடமிருந்து மெசேஜ். பத்து மாதத்தில் முதல் தடவை. 'புதன்கிழமை லீவு போடு. ஆஸ்பத்திரி. மெஹ்ரின் உன்னக் கேக்குறா.' அவ்வளவுதான்.

உடனே மேனேஜருக்கு மெசேஜ் போட்டேன். ஏன் லீவு என்று கேட்டார். என் அக்கா மகளுக்குச் சிறுநீரகத்திலும் குடலிலும் தொல்லை, மலம் கழிப்பதில் சிரமம் என்று எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சரி என்று வந்துவிட்டது.

4 மார்ச், புதன்

நோன்பு மாதம். காத்திருக்கும் இடத்தில் பாதிப் பேர் நோன்பு. நடுவில் மெஹ்ரின், கழுத்தில் தொங்கும் பெரிய பாட்டிலிலிருந்து, கோடு போட்ட அளவுவரை குடித்தாள். அவளுக்கு இந்த வருடம் நோன்பு இல்லை, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எதிரே ஒரு பையன் அவளையே பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே மூடியைத் திருகினாள். வளர்ந்திருக்கிறாள். கன்னம் ஒட்டியிருக்கிறது.

லாத்தா எனக்கு ஒரு நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். உட்கார்ந்தேன்.

அறைக்குள்ளே டாக்டர் கௌசல்யா. நான் கதவோரம் நின்றேன். லாத்தாதான் பேசினாள், உரத்த குரலில், கொச்சைத் தமிழிலும் மலாயிலும், ஒரு வார்த்தையையும் விழுங்காமல். எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எவ்வளவு, கெட்டியா இளக்கமா, என்ன நிறம், ஜட்டியில் கறை எந்தத் தேதியில், ராத்திரிப் படுக்கை எத்தனை தடவை நனைந்தது. எல்லாம் ஒரு பள்ளி நோட்டில். கோணல் மாணலாகக் கோடு போட்டு, அவள் கையெழுத்தில்.

கிளினிக்கில் வாடை வந்ததற்கு நான் வெட்கப்பட்ட பிள்ளைக்கு, அவள் அம்மா இப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார்கள். வயதுக்குக் கொஞ்சம் அதிகம். இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டு அதற்கும் மாத்திரை தொடங்கலாம் என்றார். லாத்தா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கடைசியாக டாக்டர் மெஹ்ரின் பக்கம் திரும்பினார். "இப்ப நீ சொல்லு. கடைசியா எப்ப போன?"

"இன்னைக்குக் காலையில. பொய் இல்ல."

"ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போறியா?"

"ரெண்டு தடவ போறேன். பொய் இல்ல."

"கறை?"

"போன வாரம் ஒரு நாள். ஒரே ஒரு நாள்தான். பொய் இல்ல டாக்டர், அம்மா நோட்டுல இருக்கு."

டாக்டர் சிரித்தார். "சரி சரி, நம்புறேன்லா. ஏன் ஒவ்வொண்ணுக்கும் அப்படிச் சொல்ற?"

மெஹ்ரின் நான் நின்ற கதவுப் பக்கம் பார்க்கவில்லை. பாட்டில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

லாத்தா நோட்டை மூடினாள்.